பழைய ஜெட் போட்டுக்கு எஞ்சின் தேடும் முன் பம்பைப் பாருங்கள்

மார்த்தாண்டம் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணே, கேரளத்துல ஒரு ரிசார்ட்காரங்க கழிச்சுப் போட்ட 14 அடி ஜெட் போட் ஒண்ணு வாங்கியிருக்கேன். பாடி நல்லாயிருக்கு. எஞ்சின் டூ ஸ்ட்ரோக், ரெண்டு சிலிண்டர், 6800 சுற்றுல 85 குதிரைத்திறன்னு போட்டிருக்கு. உப்புத்தண்ணி ஏறி இறுகிக் கிடக்கு. தேங்காய்ப்பட்டணம் ஆத்துல வீட்டு ஆளுங்களோட ஓட்டணும், முடிஞ்சா கடலுக்கும் கொஞ்சம் போவணும். அடிபட்ட ஸ்விஃப்ட் காரோட டீசல் எஞ்சின் கைவசம் இருக்கு. அதை வைக்கலாமா, வேற எது நல்லது?"

தம்பி, வைத்துவிடலாம். நம்ம ஊர் லேத் பட்டறைக்காரர்களுக்கு இதெல்லாம் ஒரு வேலையே இல்லை. தகடு கடைந்து, ஷாஃப்ட் கூட்டி, பத்து நாளில் உட்கார வைத்துவிடுவார்கள். ஸ்டார்ட்டும் ஆகும், பின்னால் தண்ணீரும் பீய்ச்சும். ஆனால் போட் தண்ணீர்மேல் எழும்பாது. மூக்கைத் தூக்கிக்கொண்டு ஆற்றை உழுதபடி போகும், பக்கத்தில் 9.9 குதிரைத்திறன் எஞ்சின் மாட்டிய ஃபைபர் வள்ளம் உங்களை முந்திக்கொண்டு போகும்.

நான் 11 வருடம் வளைகுடாவில் ஜெட் ஸ்கீ வாடகைக்கு விடும் இடத்துப் பணிமனையில் கிடந்தவன். இப்போது குளச்சல் பக்கம், வள்ளத்தின் பின்னால் தொங்கும் அவுட்போர்டு எஞ்சின் வேலை. அங்கே ஜெட்டும் இங்கே புரொப்பெல்லருமாக இரண்டையும் பிரித்துப் பார்த்ததில் ஒன்று விளங்கியது: புரொப்பெல்லர் போட்டில் எஞ்சினை முதலில் முடிவு செய்து அதற்கேற்ற புரொப்பெல்லரை மாட்டலாம். ஜெட்டில் அந்த வரிசை தலைகீழ். பம்ப் என்ன கேட்கிறதோ அதைத்தான் எஞ்சின் கொடுக்க வேண்டும்.

வீட்டுக் கிணற்று மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். வோல்டேஜ் குறைந்த நாளில் மோட்டார் என்னவோ சுற்றும், மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறாது. அடியில் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சிப் போட்டைத் தள்ளும் ஜெட் பம்பும் அதே சாதிதான். உள்ளே இருக்கும் இம்பெல்லர் என்ற இலைச் சக்கரம் எவ்வளவு சக்தியை வாங்கும் என்பது அது சுற்றும் வேகத்தின் மும்மடியை, அதாவது வேகம் × வேகம் × வேகத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் வாங்கும் சக்தி எட்டில் ஒரு பங்காகிவிடும்.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். இந்தப் பம்ப் 6800 சுற்றில் 85 குதிரைத்திறனை வாங்குகிறது. 3400 சுற்றில் அது வாங்குவது 11கூட இல்லை. உங்கள் கையிலிருக்கும் ஸ்விஃப்ட் டீசல் 1248 சிசி, அதன் 75 குதிரைத்திறன் கிடைப்பது 4000 சுற்றில். நாலாயிரத்தை ஆறாயிரத்து எண்ணூறால் வகுத்து மும்மடி எடுங்கள், சுமார் 0.2 வரும். 85ஐ அதால் பெருக்கினால் 17. லாயத்தில் 75 குதிரை நிற்கும், வண்டியில் பூட்டியிருப்பது 17தான். போதாததற்கு அந்த இரும்புக் கட்டி பழைய டூ ஸ்ட்ரோக்கைப்போல இரண்டு மடங்குக்குமேல் கனக்கும். 17 குதிரைத்திறனில், நாலு பேர் ஏறிய 14 அடி போட் தண்ணீர்மேல் எழும்பி ஓடுவது நடக்காது.

"அப்போ பெல்ட் போட்டோ பல்சக்கரம் போட்டோ சுற்றைக் கூட்டலாமே?" என்று பட்டறையில் யாராவது கண்டிப்பாகச் சொல்வார். கணக்குப்படி சரி. 1.7 மடங்கு கூட்டினால் போதும். ஆனால் ஜெட் போட்டின் அழகே கியர்பாக்ஸ் இல்லாமல் எஞ்சினும் பம்பும் ஒரே ஷாஃப்ட்டில் நேராக ஓடுவதுதான். நடுவில் ஒரு பெட்டி வந்தால் சூடு, எண்ணெய், அதிர்வு, அலைன்மென்ட் என்று நாலு தலைவலி கூடவே வரும். சுற்றும் திசையும் பார்க்க வேண்டும். இம்பெல்லரின் இலை ஒரு பக்கமாகத்தான் திருகியிருக்கும், எதிர்ப்பக்கம் சுற்றினால் பம்ப் வேலையே செய்யாது.

இதற்கு நேர் எதிரான ஆசையும் சிலருக்கு உண்டு. இரண்டு மடங்கு பெரிய எஞ்சினை வைத்தால் பறக்கும் என்று. 85 இருந்த இடத்தில் 170 வைத்தால் அதே பம்பில் சுற்று 26 சதம்தான் கூடும், அதாவது 8500ஐத் தாண்டும். அந்த வேகத்தில் தண்ணீர் வந்து நிரம்புவதற்குள் இலைகள் வெட்டிக்கொண்டு ஓட, குமிழி உண்டாகி உடைந்து, இம்பெல்லர் முகத்தை அம்மி கொத்தியதுபோல் கொத்தித் தள்ளும். எஞ்சின் அலறும், போட் நகராது.

கார் எஞ்சின் பேச்சை முடிப்பதற்கு முன் என் சொந்தக் கூத்து ஒன்று. வெளிநாட்டிலிருந்து வந்த புதிதில், ஒரு சின்ன கார் பெட்ரோல் எஞ்சினை ஜெட் பாடியில் ஏற்றினேன். ரேடியேட்டருக்கு இடமில்லை, பம்பிலிருந்தே ஒரு குழாய் எடுத்து ஆற்றுத் தண்ணீரை நேராக பிளாக்குக்குள் விட்டேன். ஷெட்டில் கச்சிதமாக ஓடியது. ஆறு கடலில் சேரும் பொழிக்கு அருகே உவர்த்தண்ணீரில் ஒரு சீசன் ஓடிய பிறகு ஹெட்டைக் கழற்றினால், தண்ணீர் ஓடும் துளைகளில் பாதி துருவும் உப்புமாக அடைத்துக் கிடந்தது, கேஸ்கெட் போய், ஹெட் வளைந்திருந்தது. குற்றம் முழுக்க என்னுடையது. கார் எஞ்சின் உப்பைக் கண்டதே கிடையாது, ஹீட் எக்ஸ்சேஞ்சர் வைத்து உள்ளே கூலன்ட், வெளியே கடல் தண்ணீர் என்று பிரித்திருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்றும் செய்திருந்தேன், ஆண்டவன் காப்பாற்றினான். காரில் பானெட்டுக்கு அடியில் காற்று ஓடிக்கொண்டே இருக்கும். போட்டில் எஞ்சின் அறை மூடிய பெட்டி. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், அடியில் போய்த் தேங்கும். கார் ஸ்டார்ட்டரிலும் ஆல்டர்னேட்டரிலும் பறக்கும் பொறி அதற்குப் போதும். போட்டுக்கென்று செய்த ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் பொறி வெளியே வராதபடி மூடியிருக்கும், அதற்குத்தான் அந்த விலை. எந்தப் பெட்ரோல் எஞ்சினை உள்ளே வைத்தாலும் ஒரு புளோயர் விசிறி வைத்து, ஸ்டார்ட் செய்யும் முன் 4 நிமிடம் ஓட விடுங்கள்.

சரி, இப்போது பம்பை அளக்கலாம். போட்டைக் கரையில் வைத்து, அடியில் உள்ள கம்பி வலையைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். இம்பெல்லர் இலையின் நுனிக்கும் சுற்றியுள்ள வளையத்துக்கும் நடுவில், இடுக்கு அளக்கும் தகடான ஃபீலர் கேஜை நுழையுங்கள். புதிதில் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவில் இருக்கும். ஒரு மில்லிமீட்டரைத் தொட்டுவிட்டால் எந்த எஞ்சின் வைத்தும் பலனில்லை, தண்ணீர் பின்னால் போகாமல் இடுக்கு வழியே திரும்பி வரும். வளையம் மாற்றக்கூடிய உருப்படிதான், பெரிய செலவில்லை. இலை ஓரம் கிழிந்தோ சுருண்டோ இருந்தால் இம்பெல்லரையும் மாற்ற வேண்டும். பம்பின் எண்ணெயைத் துளி எடுத்துப் பாருங்கள். பால் கலந்த காப்பிபோல இருந்தால் சீல் போய்த் தண்ணீர் ஏறியிருக்கிறது, பேரிங்கும் போயிருக்கும்.

நம்ம குமரி மாவட்டத்தில் இந்த வளையம் மற்ற ஊர்களைவிட சீக்கிரம் தேயும். மணவாளக்குறிச்சியில் மணல் ஆலை ஏன் இருக்கிறது? இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், மோனசைட், கார்னெட் எல்லாம் நம்ம கடற்கரை மணலில் கலந்து கிடப்பதால். இதில் கார்னெட்டைத்தான் இரும்புத் தகட்டைத் தண்ணீர்ப் பீய்ச்சலால் அறுக்கும் மெஷினில் கலந்து அடிக்கிறார்கள். இரும்பையே அறுக்கும் அந்தப் பொடியை உங்கள் பம்ப் உறிஞ்சினால் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. இடுப்பளவு தண்ணீருக்கு, அதாவது 90 சென்டிமீட்டருக்குக் குறைந்த இடத்தில் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாதீர்கள், தள்ளிக்கொண்டு போய் ஸ்டார்ட் பண்ணுங்கள்.

பம்பைப் பார்த்த கையோடு போட்டை எடை மேடைக்கு ஏற்றுங்கள். ரப்பர் லோடும் தடி லோடும் நிறுக்கும் அதே மேடைதான். ட்ரெய்லரோடு ஒரு தரம், ட்ரெய்லர் மட்டும் ஒரு தரம். இந்தப் பழைய பாடிகளில் இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே நுரை அடைத்திருப்பார்கள். வருடக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் கிடந்தால் அந்த நுரை தண்ணீரைக் குடித்துவிடும், நூறு கிலோ கூடுதலாக நிற்பதும் உண்டு. "பாடி நல்லாயிருக்கு" என்று நீங்கள் எழுதியது வெளித்தோலைப் பார்த்து. உள்ளே நனைந்திருந்தால் எஞ்சின் பேச்சையே தள்ளிவைத்து, தளத்தை அறுத்து நுரையை மாற்ற வேண்டும்.

இந்த இரண்டும் சரியாக இருந்தால் மூன்று வழிதான் உண்டு.

இருக்கும் எஞ்சினையே திறந்து கட்டுவது ஒன்று. இறுகியது பிஸ்டன் மட்டும் என்றால் லைனர் போர் அடித்து, பிஸ்டனும் ரிங்கும் மாற்றினால் முடிந்துவிடும். கிராங்க் பேரிங்கில் உப்பேறியிருந்தால் விட்டுவிடுங்கள், கிராங்க் அசெம்பிளி வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், அதற்குள் இரண்டு ஓணம் கழிந்துவிடும். கட்டி முடித்ததும் இரண்டு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் அளந்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் பத்து சதத்துக்குமேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. இதன் லாபம், பம்ப், இம்பெல்லர், ஷாஃப்ட் எல்லாம் அப்படியே பொருந்தும். நஷ்டம் பெட்ரோல். முழு வேகத்தில் மணிக்கு 40 லிட்டர் பக்கம் குடிக்கும், ஆயிலும் கூடவே எரியும்.

இரண்டாவது, அடிபட்ட ஜெட் ஸ்கீயிலிருந்து எடுத்த ஃபோர் ஸ்ட்ரோக். ஜெட்டாகவே வைத்திருப்பதென்றால் எனக்குப் பிடித்தது இதுதான். ஏனென்றால் அவை பிறந்ததே 7000, 8000 சுற்றில் ஓட. சீ-டூ என்ற பிராண்டு ஜெட் ஸ்கீகளில் ரோட்டாக்ஸ் 900 என்று மூன்று சிலிண்டர் எஞ்சின் வருகிறது, 60 ஆகவும் 90 ஆகவும் இரண்டு ரகம். உங்களுக்கு 90. அது முழு சக்தி கொடுப்பது 8000 சுற்றை ஒட்டி, உங்கள் பம்ப் கேட்பது 6800ல். அப்படியே பூட்டினால் பம்ப் எஞ்சினை மேலே ஏற விடாமல் பிடித்து நிறுத்தும். அதனால் பிட்ச், அதாவது இலையின் திருகல், குறைந்த இம்பெல்லர் போட வேண்டும். சோலாஸ் போன்ற கம்பெனிகள் பல பிட்சில் விற்கிறார்கள். சரியாக அமைந்ததா என்று டாக்கோமீட்டரே சொல்லும். முழு ஆக்சிலரேட்டரில் எஞ்சின் அதற்குரிய சுற்றை எட்டாவிட்டால் பிட்ச் அதிகம், அல்லது எஞ்சின் சோர்ந்திருக்கிறது. அதைத் தாண்டி ஓடினால் பிட்ச் குறைவு, அல்லது வளையம் தேய்ந்திருக்கிறது.

யமஹாவின் 1052 சிசி நாலு சிலிண்டரும் தங்கமான எஞ்சின். ஆனால் அது 100ஐத் தாண்டிய சக்தி, 85க்குக் கட்டிய பாடிக்கு அதிகம். போட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் தகட்டில் அதிகபட்ச பாரம் எழுதியிருக்கும், அதற்குள் நில்லுங்கள். எதை எடுத்தாலும் சூப்பர்சார்ஜர் உள்ளதைத் தொடாதீர்கள். சீ-டூவின் ஆரம்ப காலத்து சூப்பர்சார்ஜரில் பீங்கான் வாஷர் இருக்கும், அது நொறுங்கி எஞ்சினுக்குள் விழும். 100 மணி நேரத்துக்கு ஒருமுறை அதைப் பிரித்துக் கட்ட வேண்டியிருந்தது, அங்கே எங்கள் சம்பளத்தில் பாதி அந்த வேலையில்தான் வந்தது. இன்னொன்று: எஞ்சினை மட்டும் வாங்கி வராதீர்கள். கம்ப்யூட்டர் பெட்டி, வயரிங், சாவி, டேஷ்போர்டு எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும். சாவி பொருந்தாத ஜெட் ஸ்கீ எஞ்சின் வெறும் அலுமினியம்.

மூன்றாவது வழி உங்களுக்குப் பிடிக்காது. ஜெட்டைக் கழற்றிவிட்டு, அடித்துளையை ஃபைபரால் அடைத்து, பின்பலகையைப் பலப்படுத்தி, 40 குதிரைத்திறன் அவுட்போர்டு ஒன்றைத் தொங்கவிடுவது. 85 எங்கே 40 எங்கே என்று தோன்றும். ஆனால் ஜெட் சிறிய போட்டில் நிறைய சக்தியை வீணாக்கும். அதே அவுட்போர்டில் புரொப்பெல்லரைக் கழற்றி ஜெட் பாதம் மாட்டினால் சுமார் 30 சதம் போய்விடும், 40 இருந்தது 28 ஆகும். எல்லாம் சேர்த்து 800 கிலோவுக்குள் நின்றால் 40 உங்களை எழுப்பிவிடும், அவசரமில்லாமல். வேலையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஜெட் பாடியின் பின்பக்கம் எஞ்சின் தொங்குவதற்காகக் கட்டியதல்ல, உள்ளே மரைன் பிளைவுட் வைத்துப் பல அடுக்கு ஃபைபர் போட வேண்டும். நம்ம கரையில் ஃபைபர் வள்ளம் கட்டுகிறவர்களுக்கு இது கைவந்த கலை. எடை பின்னுக்குப் போவதால் பேட்டரியையும் டேங்கையும் முன்னுக்கு நகர்த்துங்கள்.

இதில் எது என்பதை முடிவு செய்வது நீங்கள் ஓட்டப்போகும் தண்ணீர். ஜெட் போட் எதற்காக வந்தது? நியூசிலாந்தில் பில் ஹாமில்டன் என்பவர் 1950களில் இதைச் செம்மைப்படுத்தியது, கூழாங்கல் தெரியும் ஆழமில்லாத மலை ஆறுகளில் ஏற. 1977ல் எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரி வங்கக் கடலிலிருந்து கங்கையில் எதிர்த்து ஏறியதும் இந்த ஜெட் போட்டில்தான், நந்தப்பிரயாகைக்கு அருகே அருவி மறித்த பிறகே நிறுத்தினார்கள். புரொப்பெல்லர் அங்கே ஒரு பாறையில் முடிந்திருக்கும். ஆனால் தேங்காய்ப்பட்டணத்து ஆற்றில் கூழாங்கல் இல்லை. அறுந்த வலைத் துண்டு, தென்னந்தும்பு, பிளாஸ்டிக் பை, மழை வெள்ளத்தில் ஆகாயத்தாமரை, இதுதான் மிதக்கிறது. ஒரு பை போய்க் கம்பி வலையில் ஒட்டினால் ஜெட் அந்த நிமிடமே செத்துவிடும். புரொப்பெல்லரில் சுற்றினால் எஞ்சினைத் தூக்கிக் கத்தியால் அறுத்துவிடலாம், ஜெட்டில் தண்ணீருக்குள் இறங்கி அடியில் கை விட வேண்டும். எஞ்சினை அணைத்து, சாவிக் கயிற்றையும் உருவிய பிறகுதான் கை.

அதனால் சொல்கிறேன்: ஆறு மட்டும் போதும், வீட்டுப் பிள்ளைகள் பின்னால் குதித்துக் குளிப்பார்கள், வெளியே சுற்றும் இலை வேண்டாம் என்றால் இரண்டாவது வழி. கடலுக்கும் போக வேண்டும் என்றால் மூன்றாவதுதான். தேங்காய்ப்பட்டணம் துறைமுக வாயில் மணல் மேடு கட்டி அலை மடங்கி எத்தனை வள்ளம் கவிழ்ந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அந்த இடத்தில் பம்ப் ஒரு நொடி காற்றைக் குடித்தால் உந்துதல் போகும், உந்துதல் போனால் ஜெட்டில் திருப்பவும் முடியாது. இதைப் புதிதாக ஓட்டுகிறவர்கள் பலர் உணர்வதில்லை: ஜெட்டுக்குச் சுக்கான் கிடையாது, பீய்ச்சும் தண்ணீர்தான் சுக்கான். பயந்து ஆக்சிலரேட்டரை விட்டால் போட் நேராகப் போய் எதிரில் இருப்பதில் இடிக்கும். ஆனி, ஆடிக் கடலில் எந்த வழியும் வேண்டாம். அவுட்போர்டு நடுவழியில் நின்றால் இரயுமன்துறை முதல் கன்னியாகுமரிப் பக்கத்துக் கோவளம் வரை எந்தக் கரையிலும் கயிறு போட்டு இழுத்து வந்து அன்றைக்கே சரி செய்ய ஆள் உண்டு. ஜெட்டுக்கு மாவட்டத்தில் விரல் விட்டு எண்ணலாம்.

பெட்ரோல் பற்றி ஒரு வார்த்தை. இப்போது பங்கில் வருவது 20 சதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். நம்ம கடற்கரைக் காற்றில் பாதி நிரம்பிய டேங்க் மாதக்கணக்கில் கிடந்தால் அடியில் தண்ணீர் பிரிந்து நிற்கலாம். பழைய கார்புரேட்டர் எஞ்சினின் ரப்பர் குழாய்களும் இதற்கு நிற்காது, மாற்றிவிடுங்கள். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்று கட்டாயம், ஓட்டாத மாதங்களில் டேங்கைக் காலி செய்து வையுங்கள்.

பதிவு இல்லாமல் இறக்காதீர்கள். உள்நாட்டு நீர்நிலைகளில் ஓடும் எஞ்சின் படகுகளுக்கு 2021ல் புதுச் சட்டம் வந்திருக்கிறது. எஞ்சின் மாற்றினாலோ ஜெட்டைக் கழற்றி அவுட்போர்டு மாட்டினாலோ அது தாளிலும் ஏற வேண்டும். அடுத்த மாநிலத்துப் போட் என்பதால் பழைய பதிவுத் தாளை விற்றவரிடம் இப்போதே கேட்டு வாங்குங்கள். 2023 மே மாதம் மலப்புறம் தானூரில் 22 பேர் செத்தது, மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டி ஆள் ஏற்றிய போட்டில்தான். சொந்தக்காரர்கள்தானே என்று ஐந்தாவது ஆளை ஏற்றாதீர்கள், லைஃப் ஜாக்கெட் தலைக்கு ஒன்று.

ஜெட்டே என்று முடிவெடுத்தால், உப்பைக் கழுவும் முறையை எஞ்சின் உட்காரும் அன்றே பழகிக்கொள்ளுங்கள். கரைக்கு ஏறியதும் குழாயை மாட்டி, முதலில் எஞ்சினை ஸ்டார்ட் செய்து பிறகு தண்ணீரைத் திறக்க வேண்டும். முடிக்கும்போது தண்ணீரை முதலில் மூடி, இரண்டு தடவை லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்துப் பிறகு எஞ்சினை அணைக்க வேண்டும். வரிசை மாறி, நின்ற எஞ்சினுக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டால் அது சைலன்சர் நிரம்பி சிலிண்டருக்குள் ஏறும். உங்கள் பழைய எஞ்சினின் பிஸ்டன்மேல் உப்பு வெள்ளையாகப் படிந்திருக்கிறதா, செம்பழுப்புத் துரு மட்டும் இருக்கிறதா என்று ஹெட்டைக் கழற்றிப் பாருங்கள். துரு மட்டும் என்றால் ரிசார்ட்காரர்கள் அதைக் கடல் தண்ணீரில் கொன்றிருக்க மாட்டார்கள், கழுவுகிறேன் என்று நல்ல தண்ணீரில் கொன்றிருப்பார்கள். அப்படியானால் கிராங்க் பிழைத்திருக்க வாய்ப்பு உண்டு, முதல் வழிக்கே திரும்பி வரலாம்.